ஐம்பத்தைந்தாவது தலை

அமைச்சர் பேசுகிறார். என் காதில் பேசுவது ஒரு பெண். அவர் இந்தியில் சொல்வதையெல்லாம் எங்கோ ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு அரை வாக்கியம் பிந்தித் தமிழில் சொல்கிற பெண். அவர் நெஞ்சில் வைத்த கையை எடுத்த பிறகு இவள் ‘மனமார’ என்கிறாள். அவர் சிரித்து முடித்து, பக்கத்தில் இருப்பவர்களும் சிரித்து முடித்த பிறகு வேடிக்கை என் காதுக்கு வந்து சேர்கிறது, நான் மட்டும் தனியாகச் சிரிக்க வேண்டும், அதனால் சிரிப்பதில்லை. இந்த மக்களவைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் குரலைக் கேட்கிறேன், முகம் தெரியாது. யார் பேசினாலும் இவள் ‘நான்’ என்றுதான் சொல்வாள். பிரதமரும் இவள்தான், எதிர்க்கட்சித் தலைவரும் இவள்தான், சண்டை போடுகிற இரண்டு பேரும் இவள்தான். ஒரு தடவை நடுவில் இருமல் வந்து பொத்தானை அமுக்கிவிட்டாள். அந்த இடைவெளியில் எனக்கு இந்தியாவே நின்றுவிட்டது போல இருந்தது. இப்போது ‘மதிப்புக்குரிய உறுப்பினர் திருமதி மாடத்தி அவர்களின் உணர்வை நான் மதிக்கிறேன்’ என்கிறாள். என் பெயரை அவள் சொல்லும்போது யாரையோ சொல்வது போல இருக்கிறது. குளிர்கிறது. சால்வையை இழுத்து முழங்காலையும் மூடிக்கொண்டேன். வெயிலைப் பற்றிய மசோதாவை இவ்வளவு குளிரில் வைத்துப் பேசுகிறோம். வெயில் ஒரு அளவைத் தாண்டினால் திறந்தவெளி வேலையை நிறுத்த வேண்டும், அன்றைய கூலி குறையக் கூடாது, நிழலும் குடிதண்ணீரும் ஒதுங்க இடமும் இருக்க வேண்டும். உப்பளம், செங்கல் சூளை, சாலை வேலை, வயல், எல்லாவற்றுக்கும். இதைச் சட்டத்தின் வார்த்தைகளில் எழுதியவர் இளம்பரிதி. எங்கள் பச்சைக் கட்சிக்கு இந்த அவையில் இருப்பது இரண்டு பேர், அவரும் நானும். அவர் வக்கீல். நான் உப்பளத்தில் வேலை பார்த்தவள். அவர்தான் என் பெயரில் கொண்டு வர வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை பிற்பகலை அமைச்சர் அல்லாதவர்களின் மசோதாவுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் ஒரு வழக்கம் இருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். எல்லோரும் பேசுவார்கள், அமைச்சர் பாராட்டுவார், கடைசியில் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்பார், உறுப்பினர் எழுந்து நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். கல்யாண வீட்டில் ‘சாப்பிட்டுப் போங்க’ என்றதும் ‘இருக்கட்டும்’ என்போமே, அப்படி ஒரு மரியாதை. யாரும் தோற்க வேண்டாம், யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம். யார் வேண்டும் என்றார்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியவும் வேண்டாம்.

நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். பச்சைக் கம்பளத்துக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில் ஆறு பேர், அதில் ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார், கண்ணை மூடினாலும் தலை தலைதான். அதற்குப் பின்னால் நான்கு. தூணோரம் செல்பேசியைக் குனிந்து பார்க்கிற இரண்டு பேர். அவையில் ஐம்பத்தைந்து பேராவது இருந்தால்தான் எதையும் தீர்மானிக்க முடியும். அதற்குக் குறைந்தால் ஒத்திவைத்துவிடுவார்கள், மசோதா சாகாது, இன்னொரு வெள்ளிக்கிழமை உயிரோடு வரும். ‘அதையும் மனசுல வச்சுக்குங்கம்மா’ என்றார் இளம்பரிதி. வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் பாதிப் பேர் விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். எண்ணுவது எனக்குக் கஷ்டமில்லை. கதவு திறந்து ஒருவர் வந்தார், இடது பக்கம் ஒருவர் போனார், சரிக்குச் சரி. செல்லக்கனிக்குப் பிறகு வந்த பழக்கம் இது. செல்லக்கனி என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி, எனக்கு நாத்தனார். இரண்டு பேரும் ஒரே பாத்தியில் வாருபலகை பிடித்தவர்கள். உப்பை வாரிக் கரையேற்றினால் அது அம்பாரமாக நிற்கும், வெள்ளையாக, கண்ணைப் பறிக்கும். அங்கே யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் கண்ணுக்குள் ஊசி. அதனால் யார் நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள், யார் விழுந்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவளுக்கும் தெரியாது. மதியம் வேலை முடிந்து லோடு வேனில் ஏறுவோம். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘எல்லாரும் ஏறியாச்சா?’ என்று ஒரு சத்தம் கொடுப்பார். ‘ஏறியாச்சு’ என்று கூட்டமாக ஒரு சத்தம் போகும். வண்டி கிளம்பிவிடும். அன்றைக்கும் அப்படித்தான். முப்பது பேர் போட்ட சத்தம். நான் போடவில்லை, எனக்குச் சத்தம் போட வராது, சின்ன வயதிலிருந்தே வராது. ஆனால் சத்தம் போடாதவளும் ‘ஏறியாச்சு’ கணக்கில்தான் சேருவாள். செல்லக்கனி அம்பாரத்துக்குப் பின்னால் கிடந்தாள். அவளும் சத்தம் போடவில்லை. அவளும் ஏறியாச்சு கணக்கில் சேர்ந்துவிட்டாள். வேன் முன்பக்கத்தில் ஏறியிருப்பாள் என்று நான் நினைத்தேன், பின்பக்கத்தில் என் கூட இருப்பாள் என்று முன்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். வீட்டுக்கு வந்து சோறு போட்டு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சோறு ஆறிய பிறகுதான் எழுந்தேன். போய்ப் பார்த்தபோது அவள் கைக்குள் தூக்குவாளி மூடி இருந்தது. தண்ணீர் அப்படியே இருந்தது. உப்பளத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க மறைவு கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி.

‘என் தாயும் வெயிலில் உழைத்தவர்’ என்கிறாள் காதில் இருப்பவள். அமைச்சரின் குரல் கொஞ்சம் தழைந்திருக்கிறது. அவருடைய அம்மா தலையில் புல்லுக்கட்டு சுமந்து வந்ததைச் சொல்கிறார். பொய்யாக இருக்காது. இங்கே யார் எழுந்தாலும் வெயிலில் உழைத்த ஒரு அம்மா இருக்கிறாள். நாற்காலி நாற்காலியாக ஒரு அம்மா. அவ்வளவு அம்மாக்களையும் கூட்டி வந்து உட்கார வைத்தால் ஐம்பத்தைந்துக்கு மேல் வருவார்கள், கதவு கொள்ளாது. எனக்கு முன்னால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மூடி வைத்திருக்கிறது. காலையிலிருந்து அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் கழிப்பறை வாசலிலேயே ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, வழுக்கும் தரை, நல்ல வாசனை, பத்தடி நடந்தால் போதும். ஆனாலும் கை போவதில்லை. கை இன்னும் உப்பளத்தில்தான் இருக்கிறது போல. காலையில் உலகம்மாள் போன் செய்தாள். என்னோடு பாத்தியில் நின்றவள், இன்னும் நிற்கிறவள். ‘ஏளா மாடத்தி, டிவில ஒன்னைக் காட்டுவாவளாமே, சங்கத்து ஆபீஸ்ல எல்லாரும் கூடி உக்காந்துருக்கோம். சேலையச் சீராக் கட்டு, போன மட்டம் முந்தி தொங்கிட்டுக் கெடந்துச்சு.’ நான் சரி என்றேன். ‘மந்திரி நம்ம அளத்துக்கெல்லாம் கொட்டகை போட்டுத் தாராராமே, கத்திரிக்கு முந்தி. கொழாய்த் தண்ணி, கக்கூஸு எல்லாஞ் சேத்து. ஒன் வக்கீலு சொன்னாரு. ஆனா நீ மசோதாவ வாபஸ் வாங்கணுமாமே.’ ஆமாம் என்றேன். நேற்று அமைச்சரின் அலுவலர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துச் சொன்னதுதான் அது. உங்கள் மாவட்டத்தில் முன்னோடித் திட்டமாக ஆரம்பிக்கலாம், அம்மா அவையில் ஒத்துழைத்தால் நன்றாக இருக்கும். ஒத்துழைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். ‘பெறவென்ன,’ என்றாள் உலகம்மாள், ‘வாங்கிட்டு வா. மசோதாவத் தலைக்கு மேல பிடிச்சா நெழல் விழுமா? கொட்டகைன்னா விழும்.’ பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ‘ஏளா, எம் மருமவ முழுவாம இருக்கா. ஆறு மாசம். வேண்டாம்னா கேக்காளா, தெனமும் பாத்திக்கு வாரா. அவளப் பாக்கையில எனக்கு செல்லக்கனி நெனப்புதான் வருது.’ நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ‘இருக்கியா, வச்சிட்டியா?’ இருக்கேன் என்றேன். ‘அப்பச் சரி. நான் சொல்லிட்டேன். ஆனா ஒனக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்.’ அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கொட்டகையை என் கண்ணால் பார்க்கிறேன். தகரக் கூரை வேண்டாம், காய்ந்து தள்ளும், கீற்று வேய வேண்டும், தென்மேற்குக் காற்று வரும் பக்கம் திறப்பு வைக்க வேண்டும். அதற்குள் அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், பெயர் பிரேமா, உலகம்மாளின் மருமகள். தண்ணீர் குடிக்கிறாள், இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறாள். இதை வேண்டாம் என்று சொல்ல நான் யார். அதே நேரத்தில் வேறு ஒரு பெண்ணையும் பார்க்கிறேன், அவள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. இந்த மசோதாவுக்காக இளம்பரிதி என்னைச் சில இடங்களுக்குக் கூட்டிப் போனார். ஒரு செங்கல் சூளையில், சூடு ஆறாத கல்லைத் தலையில் அடுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். பேச்சு புரியவில்லை. கூட வந்தவர் சொன்னார்: ‘நீங்க எந்தச் சூளைன்னு கேக்குறா.’ என் கையைப் பார்த்திருக்கிறாள். கை வெடிப்பைப் பார்த்துத் தன் ஆள் என்று முடிவு பண்ணிவிட்டாள். எந்தச் சூளை என்று நான் சொல்லவில்லை, சிரித்துவிட்டு வந்தேன். அவளுக்குக் கொட்டகை கிடையாது. முன்னோடித் திட்டம் அவள் வரைக்கும் எப்போது நடந்து போகும். ஆனால் மசோதாவும் போகாதே, தோற்றுத்தான் போகும், அது எனக்குத் தெரியாதா. தோற்கிற மசோதாவைப் பிடித்துக்கொண்டு, கிடைக்கிற கொட்டகையை விடுவது என்ன புத்தி. வீம்பு என்பார்கள். ஒருவேளை வீம்புதானோ. இங்கே வந்த பிறகு, பேப்பரில் பெயர் வந்த பிறகு, எனக்கும் ஒரு வீம்பு வந்துவிட்டதோ. அந்த இடத்தில் மனது முள்ளில் சேலை மாட்டின மாதிரி நிற்கிறது, இழுத்தால் கிழியும், அதனால் மறுபடி எண்ணப் போகிறேன்.

ஐம்பத்துநான்கு. இன்னொரு தடவை எண்ணினேன். நாற்காலியில் இருக்கும் அவைத்தலைவர் அம்மாவையும் சேர்த்து, இளம்பரிதியையும் சேர்த்து, ஐம்பத்துநான்கு. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்படியானால் வழி இருக்கிறது. திரும்பப் பெற மாட்டேன் என்று சொல்லலாம், வாக்கெடுப்பு கேட்கலாம், ஆள் போதாது என்று ஒத்திவைத்துவிடுவார்கள். தோல்வியும் இல்லை, வாபசும் இல்லை. அமைச்சருக்கும் என் மேல் கோபம் வராது, கொட்டகை வந்தாலும் வரும். உலகம்மாளிடம் ‘ஆள் பத்தலைட்டி’ என்று சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் குனிந்து இளம்பரிதியிடம் ‘ஐம்பத்துநாலுதான் இருக்கு’ என்றேன். அவர் சுற்றிப் பார்த்தார். ‘உங்களைச் சேத்தாம்மா?’ என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. செல்லக்கனிக்குப் பிறகு தினமும் மதியம் வேனில் ஏறுவதற்கு முன்னால் நான் கீழே நின்று தலை எண்ணுவேன். சத்தம் போட வராதவள் விரலால் எண்ணுவேன். ஒரு நாள் ஒரு ஆள் குறைந்துவிட்டது. வேனை எடுக்க விடவில்லை. எல்லோரும் இறங்கி, அம்பாரத்துக்கு அம்பாரம் ஓடிப் பார்த்து, வாய்க்கால் வரைக்கும் போய்ப் பார்த்து, கணக்கப்பிள்ளை வந்து திட்டி, கடைசியில் உலகம்மாள்தான் தலையில் அடித்துக்கொண்டாள்: ‘ஏ மூதி, ஒன்னைய எண்ணுனியா நீ?’ வேன் முழுக்கச் சிரிப்பு. வருஷக்கணக்கில் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. என் பேரனுக்குக் காது குத்தின வீட்டில்கூட பந்தியில் இலை எண்ணினால், ‘ஒனக்கும் ஒரு எலை சேத்துக்கோ’ என்பார்கள். இன்றைக்கும் அதே தப்பு. எத்தனை வயதானாலும் கண் வெளியேதான் பார்க்கிறது. நான் ஐம்பத்தைந்தாவது ஆள். அவையை நிரப்பி, மசோதாவைத் தோற்கடிக்கப் போதுமான ஆளாக்குகிற தலை என் தலை. எழுந்து வெளியே போய்விட்டால் குறையும். வெளியே போனவள் எப்படி வாக்கெடுப்பு கேட்பாள். ‘இன்னொண்ணும்மா,’ என்றார் இளம்பரிதி, ‘வாக்கெடுப்புன்னா வெளிய மணி அடிப்பாங்க. கேன்டீன்ல இருக்குறவங்கல்லாம் ஓடி வருவாங்க. அப்புறம்தான் கதவைப் பூட்டிப் பொத்தானை அமுக்கச் சொல்வாங்க, யார் எதை அமுக்கினாங்கன்னு பேரோட பதிவாகும். எத்தனை பேர் வருவாங்கன்னு சொல்ல முடியாது.’ அப்படியானால் நான் இவ்வளவு நேரம் எண்ணியதற்கு அர்த்தமே இல்லை. இல்லை, அர்த்தம் இருக்கிறது. நான் தலை எண்ணவில்லை, நான் இல்லாமல் முடிகிற ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ‘நீங்க என்ன சொல்றீங்க?’ என்று அவரிடம் கேட்டேன். ‘வாபஸ் வாங்கினாலும் நான் உங்க கூடத்தாம்மா,’ என்றார். நல்ல பிள்ளை. அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது.

‘எனவே, மதிப்புக்குரிய சகோதரி தமது மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு நான் கேட்டுக்கொள்கிறேன்’ என்கிறாள் காதில் இருப்பவள். அமைச்சர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகும் அரை வாக்கியம் என் காதில் மிச்சம் இருந்தது: ‘அவரது பகுதி மக்களின் நலனை அரசு நிச்சயம் கவனிக்கும்.’ அவர் பகுதி மக்கள். தலைவர் அம்மா என் பக்கம் திரும்பினார். உறுப்பினர் திரும்பப் பெற விரும்புகிறாரா. எழுந்தேன். முழங்கால் குளிரில் பிடித்திருந்தது, மேசையை ஊன்றிக்கொண்டேன். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. சங்கத்து ஆபீஸில் உலகம்மாள் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்திருப்பாள். பிரேமா ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், இந்த நேரத்தில் கால் வீங்கும். அமைச்சருக்கு நன்றி சொன்னேன், அவருடைய அம்மாவுக்கும் நன்றி சொன்னேன். பிறகு, ‘திரும்பப் பெறல அம்மா’ என்றேன். காதுக்குக் காது மொழிமாறிப் போய்ச் சேரச் சில நொடி ஆனது. அமைச்சர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை, பந்தியில் இலையை மூடாமல் எழுந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுக் காகிதங்களை அடுக்கினார். விளக்கு அணைந்தது. உட்கார்ந்தேன்.

தலைவர் அம்மா மசோதாவைக் குரல் வாக்குக்கு விட்டார். ஆம் என்போர் சொல்லுங்கள். இளம்பரிதி சொன்னார், நான் சொன்னேன், பின்னால் எங்கிருந்தோ இன்னும் ஒன்றிரண்டு குரல் வந்தது, யார் என்று தெரியவில்லை. இல்லை என்போர். ஒரே சத்தம். தலையைத் தூக்காமல், செல்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், நல்ல பழகின சத்தம். அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வரவில்லை, எனக்கும் வேண்டியிருக்கவில்லை, எனக்கு அது தெரியும். ஏறியாச்சு. எல்லாரும் ஏறியாச்சு. அந்தப் பக்கம் சத்தம் போடாமல் சும்மா இருந்தவர்களும் உண்டு, கையைக் கட்டிக்கொண்டு மேலே கூரையைப் பார்த்த ஒருவரை நான் பார்த்தேன், அவரும் ‘இல்லை’ கணக்கில் போய்விடுவார். சூளையில் நின்ற பெண்ணும் போய்விடுவாள். இன்னும் ஒரு நொடியில் வண்டி கிளம்பிவிடும். ‘இல்லை என்போருக்கே பெரும்பான்மை’ என்று தலைவர் அம்மா ஒரு தடவை சொன்னார். யாரும் மறுக்காவிட்டால் மறுபடியும் சொல்வார், அதோடு முடிந்தது. மறுப்பதென்றால் சத்தம் போட வேண்டும், மைக் கிடையாது. வாக்கெடுப்பு கேட்க ‘டிவிஷன்’ என்று சொல்ல வேண்டும், இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை. வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்காத தொண்டை. அப்போதுதான் கை, அதுவாகவே, டம்ளர் மூடியைத் தள்ளியது. ஒரு மடக்கு குடித்தேன். குளிர்ந்த தண்ணீர் நெஞ்சு வழியாக இறங்குவது தெரிந்தது. தலைவர் அம்மா மறுபடியும் வாயெடுத்தார்.

‘தலையை எண்ணுங்க’ என்றேன். என் குரல் அந்தக் கூரையில் போய் முட்டித் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய குரலை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. தூங்கினவர் கண்ணைத் திறந்தார். ‘சத்தத்த வச்சுச் சொல்லாதீங்க. ஒவ்வொரு தலையா எண்ணுங்க.’ இளம்பரிதி எழுந்து நின்று ‘டிவிஷன், மேடம், டிவிஷன்’ என்றார்.

மணி அடிக்கத் தொடங்கியது. வெளியே தாழ்வாரம் தாழ்வாரமாக அது போகிறது. இந்தக் கோடையில் பிரேமா தலைக்கு மேல் கீற்று இருக்குமோ இருக்காதோ. இன்று சாயங்காலம் கூப்பிட்டால் உலகம்மாள் போனை எடுப்பாளோ மாட்டாளோ. எடுத்தால் என்ன சொல்வேன். பெயர் பெயராகச் சொல்வேன், யார் பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள், யார் சிவப்பு, யார் எதையும் அமுக்காமல் இருந்தார்கள் என்று. அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன். கதவுகள் திறந்தபடி இருக்கின்றன. வாயைத் துடைத்துக்கொண்டு ஒருவர் வருகிறார், அவருக்குப் பின்னால் இரண்டு பேர், கூட்டமாக ஐந்தாறு பேர். பழைய எண்ணிக்கை கலைந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்தேன். விரலை மடக்கி என் நெஞ்சில் வைத்தேன்.

ஒன்று.